எழுபத்தைந்து வருடத்துப் பூட்டு

“கம்பிய எடுங்க மேன்! எழுபத்தஞ்சு வருஷத்துப் பூட்டு அது. உடைஞ்சா லண்டன்லகூட கிடைக்காது!” என்று கத்தினார் ஓஸ்வால்ட்.

அச்யுத்தின் காதில் அது ஏறவில்லை. ஓஸ்வால்டின் கறுப்புக் காரின் டிக்கிக்குள் அவனுடைய ஐந்து வயது மகள் அதிதி மாட்டிக்கொண்டிருந்தாள். சற்றுமுன் வரை வீறிட்டுக்கொண்டிருந்த அழுகை இப்போது விசும்பலாகத் தேய்ந்திருந்தது.

பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. ஏப்ரல் மாதத்துப் பதினோரு மணி வெயில். காரின் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்தது. உள்ளே எப்படி இருக்கும் என்று நினைக்கவே அச்யுத்துக்குப் பயமாக இருந்தது.

டிக்கியைச் சாத்தியவர் ஓஸ்வால்ட்தான். வெயில் தாங்காமல் கோட்டைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு, படாரென்று மூடினார். கண்ணாமூச்சி ஆட்டத்தில் அதன் மூலையில் சுருண்டு ஒளிந்திருந்த குழந்தையை அவர் கவனிக்கவில்லை. சாவி அந்தக் கோட்டுப் பையில் இருந்தது.

“வீட்ல டூப்ளிகேட் சாவி இருக்குமே, சார்?” அச்யுத் கெஞ்சினான்.

“ஒரிஜினல் காருக்கு ஏது மேன் டூப்ளிகேட் சாவி?”

இந்த ‘டூப்ளிகேட்’ என்ற வார்த்தையைக் காலையிலேயே அச்யுத் வேண்டிய அளவு கேட்டிருந்தான். அவன் ஆசை ஆசையாய் ஓட்டிக்கொண்டு வந்த சிவப்புக் கார், பழைய மாடலைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல். கிளப்பின் தலைவரான ஓஸ்வால்ட் வாசலிலேயே கையை நீட்டி மறித்துவிட்டார்.

“இது ரெப்ளிகா, டூப்ளிகேட். ஒரிஜினல் வரிசையில போலிக்கு இடம் கிடையாது. டாய்லெட் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்க.”

“நான் எதையும் மறைக்கல சார். அத்திபெலேல நரேஷ்னு ஒருத்தர் ஷெட்ல மூணு வருஷமா...”

“அந்தப் பேரெல்லாம் இங்க எடுக்காதீங்க!” என்று பாதியிலேயே வெட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார் ஓஸ்வால்ட். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நிஜக் கார் வைத்திருப்பவர்களின் காதுக்குப் பட்டறைக்காரன் பெயர்கூட ஆகாது போலிருக்கிறது.

அந்த அவமானமெல்லாம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பின்சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் கனத்த இரும்புத் தகடு. அச்யுத் மறுபடியும் கம்பியை டிக்கியின் இடுக்கில் கொடுத்து நெம்பினான். அது வழுக்கி அவன் உள்ளங்கையைக் கிழித்தது.

“ஃபயர் சர்வீஸ் அல்சூர் சிக்னல்ல நிக்கறாங்களாம். பத்தே நிமிஷம்” என்றார் யாரோ. பெங்களூரில் பத்து நிமிடம் என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவன் மனைவி சுப்ரியா சூட்டைப் பொருட்படுத்தாமல் டிக்கியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கதறினாள். “அதிதி! பேசுடி கண்ணா! அம்மா இங்கயேதான் இருக்கேன்!”

“அம்மா... இருட்டா இருக்கும்மா...”

அதற்கப்புறம் சத்தமே இல்லை. தட்டினார்கள், கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு அசைவும் இல்லை.

“அவ பேசல... ஏங்க, அவ பேச மாட்டேங்கறா!” என்று சுப்ரியா அச்யுத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் கை தானாகப் பேன்ட் பைக்குள் போய்ச் சாவிக்கொத்தை எடுத்தது.

ஆபத்துக்குப் பாவமில்லை. அந்த நேரத்தில் அறிவும் இருப்பதில்லை. வீட்டுச் சாவியைப் பூட்டுக்குள் திணித்தான், நுழையவில்லை. ஸ்கூட்டர் சாவி பாதியில் நின்றுவிட்டது.

“என்ன மேன் பண்றீங்க? விடுங்க! அதெல்லாம் போடாதீங்க!” ஓஸ்வால்ட் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அச்யுத் அவரைத் தள்ளிவிட்டு அடுத்த சாவியைச் செருகினான். அது அவனுடைய சிவப்புக் காரின் டிக்கிச் சாவி.

வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. திருப்பினான். டிக்கி திறந்துகொண்டது.

தொப்பலாக நனைந்து, ஓஸ்வால்டின் கோட்டின் மேல் துவண்டு கிடந்தாள் அதிதி. நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூட்டத்திலிருந்த ஒரு டாக்டரம்மா கன்னத்தைத் தட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, நாடியைப் பார்த்தார். அந்த அரை நிமிடத்தில் அச்யுத் தனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டான்.

குழந்தை இருமியது. மெல்லக் கண்ணைத் திறந்தது.

“அப்பா... நான் அவுட்டா?”

“இல்லடா செல்லம், நீதான் வின்னர்!” அச்யுத் தேம்பித் தேம்பி அழுதான். சுப்ரியா மகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். மைதானமே கை தட்டியது. ஒருவர் ஜூஸ் கொண்டுவர, இன்னொருவர் குடை பிடித்தார். எப்படித் திறந்தது என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

ஓஸ்வால்ட் மட்டும் காரை விட்டு நகரவில்லை. டிக்கியின் பூட்டை முதுகால் மறைத்தபடி நின்று, அச்யுத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவருடைய முகம் வெளுத்திருந்தது, உதடு துடித்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார், பாவம், வயதான மனுஷர் என்று நினைத்துக்கொண்டு அச்யுத் கிட்டே போனான்.

அவர் அவன் காதருகே குனிந்தார்.

“சாவிய எடுத்துடுங்க தம்பி, ப்ளீஸ்... ரெண்டும் ஒரே ஷெட்டுன்னு யாருக்கும் தெரிய வேணாம்.”