பழுப்புத் தொட்டி

கதிர்காமநாதன் பாட்டில்களைத் தொட்டிக்குள் போடவில்லை. கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் படுக்க வைத்தார். அப்படியும் ஒன்று நழுவி விழுந்தது. சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"இன்னைக்கும் பிராந்திதானா அண்ணே?" என்றாள் எதிர்வீட்டு நவமணி, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு. அவர் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

நகராண்மைக் கழகம் ஜார்ஜ்டவுனின் அந்தத் தெருவில் மூன்று தொட்டிகளை வைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நீலத்தில் காகிதம், பழுப்பில் கண்ணாடி, ஆரஞ்சில் டின்னும் பிளாஸ்டிக்கும். முதலில் எல்லோரும் தடுமாறினார்கள். பழைய பேப்பரோடு மீன் செதிலைச் சேர்த்துப் போட்டவர்களும் உண்டு. கறுப்புப் பைக்குள் கண்ணாடி கிலுங்கினால் லாரிக்காரர்கள் தொடமாட்டோம் என்றதும் வேறு வழியில்லாமல் போயிற்று. அதுவரை முடிச்சுக்குள் கிடந்த வீட்டுச் சங்கதியெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது.

கதிர்காமநாதன் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டை கசங்காமல் நடக்கும் மனிதர். அவரா இப்படி என்று தெரு வாய்பிளந்தது.

அவர் மனைவி அருந்ததி அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தவர். என்ன காரணமோ, இந்த வருஷம் வகுப்பை நிறுத்திவிட்டார். ஒரு நாள் அவர் புருவத்துக்கு மேல் காயம் இருந்தது. "பாத்ரூமில விழுந்திட்டன் பிள்ளை" என்றபோது அவர் கை நடுங்கியது. புருஷன் மேல் உள்ள பயம் என்று நவமணி முடிவு கட்டினாள்.

நவமணியால் சும்மா இருக்க முடியவில்லை. நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் அவளுடைய அக்காவைக் குடிகாரப் புருஷன் அடித்தே கொன்றான். அத்தனை அலறலுக்கும் பக்கத்து வீட்டுக் கதவு ஒன்றுகூடத் திறக்கவில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சந்திரசேகரனைக் கூட்டிக்கொண்டு போய் நியாயம் கேட்டாள்.

"சார், நீங்க படிச்சவரு. இன்னையோட இத நிறுத்திடுங்க லா" என்றார் சந்திரசேகரன்.

கதிர்காமநாதன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "உடனே ஏலாது தம்பி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கோணும்."

"எல்லாக் குடிகாரனும் சொல்றதுதான் இது!"

அவர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அருந்ததியின் கன்னம் வீங்கியிருந்தது. கதிர்காமநாதன் பசாருக்குப் போன நேரம் பார்த்து நவமணி உள்ளே நுழைந்து அருந்ததியின் கையைப் பிடித்தாள். "போதும்கா, நீங்க பட்டது. எங்க வீட்டுக்கு வாங்க."

"வேண்டாம் பிள்ளை. நான் அவரோட இருந்தாத்தான் நல்லம்."

அக்காவும் கடைசி வரை இப்படித்தான் சொன்னாள். நவமணிக்குக் கண் கலங்கியது. அருந்ததியை இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, தன் கட்டிலில் உட்கார வைத்தாள்.

சாயங்காலம் கதிர்காமநாதன் ஒரு காகிதப் பையோடு நவமணி வீட்டு கேட்டருகே வந்து நின்றார். அதற்குள் தெருவே கூடிவிட்டது.

"நவமணி, உன்னோட தனியா ஒரு வார்த்தை பேசோணும்."

"எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அருந்ததியிடம் பாட்டுப் படித்த பிள்ளைகளின் தாய்மார் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். சந்திரசேகரன் பையைப் பிடுங்கினார். உள்ளே புது பிராந்திப் பாட்டில்.

"பொண்டாட்டியக் கூப்பிட வர்றப்பக்கூடவா?" என்று மூடியைத் திருகிச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"ஐயோ, ஊத்தாதீங்கோ தம்பி!" கதிர்காமநாதன் சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "டாக்டரிட்டயாவது கொண்டு போங்கோ, அவவுக்கு ஏலாது" என்று அவர் கெஞ்சியது எவர் காதிலும் ஏறவில்லை. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டு, திரும்ப வராதபடி வாசலில் காவல் இருந்தார்கள்.

மறுநாள் காலை அருந்ததியின் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. கஞ்சி வயிற்றில் நிற்கவில்லை. உடம்பு உதறியது. "பயப்படாதீங்கக்கா, இனிமே அவர் உங்களத் தொட முடியாது" என்று நவமணி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மதியம் அருந்ததி வெறும் சுவரிலிருந்து எதையோ தட்டித் தட்டி விட்டார். "எறும்பு பிள்ளை, எறும்பு" என்றார். பிறகு கண் மேலே செருக, உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது.

சந்திரசேகரனின் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் நவமணி மடியில் அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். உள்ளே கொண்டு போன பிறகும் இழுப்பு நிற்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தமிழ் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். தலையை ஆட்டினார். "காப்பாத்த முடியலக்கா."

நவமணி சுவரில் சரிந்தாள். "கொன்னுட்டானே பாவி! அடிச்சு அடிச்சே கொன்னுட்டானே! அந்தக் குடிகாரன போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்காம விடமாட்டேன்!"

"நானே சாட்சி சொல்றேன் டாக்டர்" என்றார் சந்திரசேகரன்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

"இந்தம்மாவோட குடிய யாரு இப்படி ஒரேடியா நிறுத்துனது?"