கூரை உயரம்

"நான்தான் ஓட்டினேன்னு எத்தனை தடவை..."

"எத்தனை தடவை சொன்னாலும் பொய் பொய்தான், மோமிர் அண்ணே!"

"காத்து அமுக்கிடுச்சும்மா!"

"எந்தக் காத்து? சோளக்காட்டுல ஒரு இலைகூட ஆடல."

டான்யூப் நதிக் கரையோரப் புல்வெளியில், மோமிரின் குட்டி விமானம் சக்கரங்கள் முறிந்து வயிறு தரையில் படக் கிடந்தது. விபத்தை விசாரிக்க வந்த ரத்மிலா அதைச் சுற்றி வந்தாள்.

"இறங்கறப்போ தரைக்கு ஒரு முழம் மேல தூக்க வேண்டிய மூக்கை, கூரை உயரத்துலயே தூக்கி வேகத்தைக் குறைச்சிருக்கு. அதான் தொப்புன்னு விழுந்திருக்கு. முப்பது வருஷமா இதை இறக்கற உங்களுக்குத் தரை எங்கன்னு தெரியாதா?"

"வயசாச்சு. லைசென்ஸைப் பிடுங்கிக்கோ, ஆளை விடு."

"உயிரா நினைக்கற லைசென்ஸை யாருக்காக விடறீங்க?"

மோமிர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெரிய ஜெட் ஓட்டினவங்கதான் அந்த உயரத்துல மூக்கைத் தூக்குவாங்க. அவங்க சீட்டே தரையிலேர்ந்து அவ்வளவு மேல. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாது."

சட்டென்று அவள் குரல் இறங்கியது.

"எங்க கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவர் நீங்க. நெஞ்சு ஆபரேஷனுக்கப்புறம் பறக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஜெட் கேப்டன், என் புருஷன், அவர்தானே அண்ணே ஓட்டினாரு?"