மக்கு

சீனம் படிக்கப் போன ஊரில், பூங்காவில் சீட்டாடும் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஷென்னிடம் பேசிப் பழகினான் இனியன். அவன் என்ன சொன்னாலும், "பிரமாதம்!" என்பார். உடன் படிக்கும் தேன்மதியைத்தான் விடமாட்டார். சீனத்தில் 'மாய்' என்ற சொல்லைக் குரல் தாழ்த்தி ஏற்றினால் வாங்குவது, வெட்டி இறக்கினால் விற்பது. அவள் தடுமாறினால், "மக்கு! மறுபடி சொல்லு!" என்பார்.

"எனக்குத் திட்டே கெடையாது," என்று பீற்றிக்கொண்டான் இனியன்.

"விருந்தாளிய யாருடா திட்டுவா?" என்று சிரித்தாள் அவள்.

அன்று முழுக்க அவனுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் அவளுக்கு முன்பே போய், ஆப்பிள் வாங்கப் போவதை வேண்டுமென்றே விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு, திட்டுக்காகக் காத்து நின்றான்.

"பிரமாதம்!" என்ற ஷென், அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்கே அந்த மக்கு, இன்னும் காணோம்?"