இரவல் அழுகை

துமினியின் கைக்குழந்தை அழத் தொடங்கியதும், வினார்ஸி தன் மகன் கிலாங்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கைப்பேசியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

துமினி பால் கொடுக்காமல் காத்திருந்தாள். "சீக்கிரம்க்கா, இவன் தொண்டை கிழியுது. உன் புருஷன் வந்ததும் இவனுக்குச் சம்பளம் போடச் சொல்லு."

வினார்ஸி சிரிக்கவில்லை. அரை நிமிடம் பதிவு செய்தாள். முற்றத்துக் கம்பத்தின் உச்சியில் கூண்டுப் புறா கூவிக்கொண்டிருந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அவள் கணவன் பூர்வோ தைவான் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். மகன் பிறந்த இருபதாம் நாள் போனவன். கப்பல் முதலில் கரை தொடவே நான்கு மாதம் ஆயிற்று. அதிலிருந்து கரை தொடும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பான். பையன் அழுவதை அனுப்பு.

இரண்டாம் மாதத்தில் கிலாங்குக்குச் சளி பிடித்தது. நெஞ்சுக்கு இறங்கியது. மூன்று வாரம் தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள். அது உரசிய இடம் புண்ணாகி, ஆறும்போது சுருங்கி அடைத்துக்கொண்டது. கழுத்தில் துளையிட்டு வேறொரு குழாய் வைத்தார்கள். மூச்சு அதன் வழியே போய் வந்தது. குரல்வளைக்குக் காற்று எட்டவில்லை.

இப்படி ஆவது அபூர்வம் என்றார் டாக்டர். ஆறுதலாகச் சொன்னார் போலிருக்கிறது.

கிலாங் அழுதால் வாய் திறக்கும், முகம் சிவக்கும், கால்கள் உதைக்கும். சத்தம் வராது. அடுப்படியில் இருந்தால் தெரியாதென்று அவன் காலில் மணிக் கொலுசு கட்டியிருந்தாள்.

அந்த முதல் இரண்டு மாத அழுகையை அவள் நினைவில் தேடிப் பார்ப்பாள். அப்போது எரிச்சலோடு கேட்டது. இப்போது தேடினால் துமினி மகனின் குரல்தான் வந்து நிற்கும்.

சொன்னால் பூர்வோ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான். இரண்டு வயதில் செய்யவேண்டிய அறுவைச் சிகிச்சை அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

அன்றைய பதிவையும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அவன் குரல் வந்தது. பின்னால் கப்பல் எஞ்சின்.

"கூவுறது துமினி வீட்டுப் புறா. ரெண்டு வருஷம் நான்தான் அதக் கூவுற போட்டிக்குத் தூக்கிட்டுப் போனேன். முதல் தடவையே தெரிஞ்சிருச்சு, வினார். அவங்க பையன் நல்லாத்தான் அழுறான். நம்மாளோடத அனுப்பு. எப்படி இருந்தாலும் அனுப்பு."

அவள் வீட்டுக்கு வந்து கிலாங்கைப் பாயில் கிடத்தினாள். அவனுக்குப் பசிக்கும்வரை காத்திருந்தாள்.

முகம் சிவந்தது. வாய் திறந்தது. கொலுசுக் கால்கள் உதைத்தன.

கைப்பேசியை அவன் கால்மாட்டில் வைத்தாள்.