பூசைக் கத்தி

மகனுக்காக ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னார்கள். யோகம் மாட்டேன் என்றுவிட்டாள்.

"நீ பெத்த தாய்தானே, தங்கச்சி?" என்றார் சந்திரசேகரன்.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் தமிழருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர். பொய்யைக் கூட நல்ல மனதோடுதான் சொல்லுவார்.

"நிஷாந்தன் கத்தியைக் கீழை போட்டிட்டான், அதுக்குப் பிறகுதான் பொலிஸ் சுட்டது எண்டு நாங்கள் எல்லாரும் எழுதிக் குடுத்திட்டம். நீயும் அதைத்தான் சொல்லோணும்."

"அவன் கீழை போடேல்லை, அண்ணை."

கணேசலிங்கம் மனைவியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மகனின் செத்தவீட்டில் அவள் அழாததைச் சனம் பேசியது அவர் காதுக்கும் வந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நிஷாந்தன் புதுக் கார் வாங்கினான். வீட்டு வாசலில் பூசை வைத்து, குங்குமம் பூசிய நீற்றுப்பூசணிக்காயை வெட்டினான். கையும் கத்தியும் சிவப்பு. தெருவில் போன யாரோ இரத்தம் என்று பயந்து பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். கற்பூரம் எடுக்க உள்ளே போன கணேசலிங்கம் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது மகனுக்குப் பக்கத்தில் நின்றது யோகம் மட்டும்தான்.

அங்கே வந்திருந்த குடும்பத்தின் வழக்கறிஞர் தக்சாயினி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"மாமா, பொலிஸ் எடுத்த படத்திலை கத்தி நிலத்திலை இல்லை. பூசைத் தட்டுக்குள்ளை கிடக்கு. நீங்கள் எல்லாரும் ஒரே பொய்யை ஒரே மாதிரி எழுதிக் குடுத்திருக்கிறியள். இனி உங்களிலை ஒருத்தரையும் நம்ப மாட்டினம்."

"அந்தப் பிள்ளைக்காகத்தானே சொன்னனாங்கள்," என்றார் சந்திரசேகரன். குரல் இறங்கிவிட்டது.

"சுட்டவர் என்ன சொல்லுறார் தெரியுமோ? கத்தியைப் போடச் சொல்லிக் கத்தினவராம். நிஷாந்தன் போடாமல் தாயைக் குத்தத் திரும்பினவராம். தாயைக் காப்பாற்றத்தான் சுட்டவராம். அது அப்பிடி இல்லை எண்டு அரசதரப்பு நிரூபிக்கோணும். சந்தேகம் இருந்தால் அது அவருக்குத்தான் சாதகம். வழக்கை மூடப் போகினம்."

"கத்தி கையிலை இருந்தது எண்டு தாயே சொன்னால் மூடாமல் என்ன செய்வினம்?" என்றார் சந்திரசேகரன். "இவ தன்ரை பிள்ளையைத் தானே குற்றவாளியாக்கிறா."

தக்சாயினி யோகத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்ரி, நிஷாந்தன் ஏன் கத்தியோடை உங்களிட்டைத் திரும்பினவர்? அதுதான் முழு வழக்கும். அதைச் சொல்ல உங்களை விட்டால் வேறை ஒருத்தரும் இல்லை."

யோகம் கணவரைப் பார்த்தாள். இதைச் சொன்ன பிறகு அவர் தன் முகத்தில் விழிப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"எழுதுங்கோ, பிள்ளை. பொலிஸ் சொன்ன உடனை அவன் கத்தியைக் கீழை வைக்கத்தான் குனிஞ்சவன். 'சாமிக்கு வெட்டின கத்தி, நிலத்திலை போடாதை ராசா, இதிலை வை' எண்டு தட்டை நீட்டினது நான்தான்."