கோபால் தெரியுமா மேடம்?

ஓடவில்லை.

இன்னொரு முறை அழுத்தினாள். அப்போதும் ஓடவில்லை. மூன்றாவது வரிக்கு அடியில் அதே சிவப்புக் கோடு.

எட்டே வரி புரோகிராம். ஒரு பட்டியலில் இருக்கிற எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். காலேஜில் முதல் வாரம் கொடுக்கிற கணக்கு. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் சோறு தின்கிறவளுக்கு அது ஓடவில்லை.

திரையின் மூலையில் சின்னச் சதுரத்துக்குள் ஜெரால்டுடைய முகம். இன்டர்வியூ எடுக்கிறவன். இதே கம்பெனிதான், பெங்களூரில் வேறு பிரிவு. முப்பது வயதுகூட இருக்காது. அவள் தடுமாறுவதைப் பார்க்காதது போல வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மரியாதைதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பெஞ்சில் இன்று ஐம்பத்தேழாவது நாள்.

கையில் புராஜெக்ட் இல்லாமல் சும்மா இருப்பவர்களைப் பெஞ்சில் இருப்பதாகச் சொல்வார்கள். அறுபது நாளுக்குள் யாராவது ஒருவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் வரும்.

கடிதம் வந்தால் வரட்டும், சனியன். ஆனால் வேலை போகிற அன்றைக்கே இன்சூரன்ஸும் போய்விடும். அவள் கணவர் தயாளனுக்கு டயாலிசிஸ் அதில்தான் நடக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள். இதோ, இந்த வியாழக்கிழமை காலையிலும் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்திருக்கிறார்.

மூன்றாவது வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். சரியாகத்தானே இருக்கிறது?

“மேடம், அந்த வரி கடைசியில ஒரு புள்ளி இருக்கு பாருங்க.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

இருந்தது.

அட கடவுளே.

அவள் வைக்கவில்லை. கை வைத்திருக்கிறது.

படிக்கிற காலத்தில், திருச்சியில் ஒரு மாடி அறை. செருப்பை வாசலில் விட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் மெஷின். மற்ற நாளெல்லாம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புரோகிராம் எழுதினார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் புள்ளி. ஒரு புள்ளி விட்டுப்போனால் போச்சு, இனி அடுத்த வாரம்தான்.

அப்போது விரலுக்குப் பிடித்த பயம்.

அதற்கப்புறம் ஃபாக்ஸ்ப்ரோ என்று வேறு மொழி வந்தது, கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்றது. சி வந்தது, அரைப்புள்ளி போடு என்றது. விஷுவல் பேசிக்குக்கு வேண்டாம். ஜாவாவுக்கு மறுபடியும் வேண்டும். நடுவில் கல்யாணம், இரண்டு பிரசவம், ஐந்து வீடு. ஒன்றைக் கற்றுக்கொண்டு நிமிர்வதற்குள் அது பழசாகிவிட்டது என்றார்கள். இப்போது பைத்தான். இதற்கும் ஒன்றும் வேண்டாமாம்.

போதும்டா சாமி என்றிருந்தது.

புள்ளியை அழித்தாள். ஓடியது. இனிமேல் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. இதற்கு முன் இன்டர்வியூ எடுத்த நான்கு பேரும் இந்த இடத்தில்தான், ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள்.

ஜெரால்ட் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான்.

“கோபால் தெரியுமா மேடம் உங்களுக்கு?”

அத்தனை சோர்விலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு எழுதிய முதல் கடிதம். ‘இப்போது பயம் இல்லை. கோபாலோடு நன்றாகப் பழகிவிட்டேன்.’ கடிதம் கிடைத்த அன்றே அப்பா புதுக்கோட்டையில் பஸ் ஏறி வந்து, எவன் அவன் என்று வார்டன் முன்னால் நின்றார். அது ஆள் இல்லை, புள்ளி வைத்து எழுதுகிற அந்தக் கம்ப்யூட்டர் மொழி என்று புரியவைக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

ரெஸ்யூமேயில் அந்தப் பெயரை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அது இருந்தால் வயது தெரிகிறது என்றார்கள்.

“தெரியும்,” என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. வெளிநாட்டு க்ளையன்ட் ஒருவருடைய பழைய புரோகிராம்கள், நாற்பதாயிரம் வரி, அத்தனையும் கோபால். படித்துப் புரிந்துகொண்டு ஜாவாவுக்கு மாற்ற வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் ரிடையர் ஆகிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். மாற்றி முடிக்கும் வரை அவளுக்கு அங்கே இடம் உண்டு. முடிந்த அன்று அந்தப் புராஜெக்டையே மூடிவிடுவார்கள்.

“ஒருத்தரே பண்ணா எவ்ளோ நாள் ஆகும் மேடம்?”

மனசுக்குள் பிரித்துப் பார்த்தாள். எட்டு மாதம். கொஞ்சம் முடுக்கினால் ஏழு.

இத்தனை வருடமும் எஸ்டிமேட் கேட்டவர்களுக்கு உள்ளதைத்தான் சொன்னாள். எட்டு என்றால் நான்கில் முடி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து முடித்துவிடுவாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்று ஆபீஸில் அவளுக்குப் பெயர்.

“ரெண்டு வருஷம்.”

ஜெரால்ட் தலையைத் தூக்கினான். அவனுக்கும் கணக்குத் தெரியும். ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே டைப் செய்துகொண்டான்.

“நாளைக்கே சேந்துக்கோங்க மேடம்.”

வெளியே வந்து ஜன்னல் ஓரமாக நின்று தயாளனுக்கு போன் போட்டாள். நர்ஸ் எடுத்து அவர் காதில் வைத்தார்.

“ஏங்க, ரெண்டு வருஷம் கெடச்சிருக்குங்க.”

மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பாதித் தூக்கத்தில் அவர் குரல்.

“யாருக்கு? உனக்கா, எனக்கா?”