'இல்லை' என்ற கட்டம்

வர்ஜீனியக் கடற்படைத் தளத்தின் ஜன்னலில்லாத அறையில் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. ரேடார் பழுதுபார்க்கும் வெர்னா கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். ரகசியப் பணிக்கான அனுமதியைப் புதுப்பிக்க அவள் நிரப்பிய படிவத்தைப் பாதுகாப்பு அதிகாரி ஹாலிஸ் அவள் பக்கம் திருப்புகிறார். 'நான்கு மாதத்துக்கு மேல் கட்டாத கடன் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறி போட்டிருக்கிறாள். பக்கத்திலேயே அவளுடைய கடன் அறிக்கை கிடக்கிறது: மகனின் ஆஸ்பத்திரிக்கு ஓராண்டாகக் கட்டாத நாற்பதாயிரம் டாலர் பாக்கி. "உண்டுன்னு போட்டா வேலை போயிடும்னு பயந்துட்டேன் சார். வேலை போனா எதை வெச்சுக் கட்டுவேன்?" ஹாலிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். "புள்ளையோட வைத்தியச் செலவுன்னு எழுதியிருந்தா நானே மேல பேசி அனுமதி வாங்கிக் குடுத்திருப்பேனே வெர்னா. பொய்ய என்னன்னு சொல்லிக் காப்பாத்துவேன்?" என்று கையை நீட்டுகிறார். அவள் அட்டையைக் கழற்றப் பார்க்கிறாள். கயிறு கம்மலில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.